ஊசி போட மறுத்த டாக்டர் மேல ஒரு மனு

பெறுநர்ல கலெக்டர் பேரு போட்டாச்சா? பேரு வேணாமா, மாவட்ட ஆட்சியர்னாலே போதுமா? சரிம்மா, உங்களுக்குத் தெரியாததா. அனுப்புநர் சவடமுத்து. வயசு அம்பத்தாறு. பூ மார்க்கெட்டுல ஏலம் விடுறவன். இப்ப பொருள்னு ஒண்ணு போடுவீங்கள்ல, அதக் கொட்டை எழுத்துல போடுங்க. என் மக கல்யாணத்தக் கெடுத்த டாக்டர் மேல நடவடிக்கை எடுக்கணும். அம்புட்டுத்தான் பொருள்.

கத்தலம்மா நான். என் குரலே இதுதான். முப்பது வருசமா மல்லிகையும் கனகாம்பரமும் கூவிக் கூவி வித்த தொண்டை. மெதுவாப் பேசணும்னு நெனச்சாலும் வராது. அந்தா, உங்கள மாதிரியே அங்கிட்டு உக்காந்து மனு எழுதுறாரே பெரியவர், அவரு திரும்பித் திரும்பிப் பாக்குறாரு. பாத்துட்டுப் போகட்டும். எங்க தெருவே பேசி முடிச்ச கதைதான, இங்க நாலு பேரு கேட்டா என்ன கொறஞ்சு போகுது.

டாக்டர் பேரு ஹெப்சிபா. பொம்பள டாக்டர்தான். சின்னச் சின்ன ஆபரேசன் பண்ற டாக்டர். ஆஸ்பத்திரி பேரு கடைசியில சொல்றேன், ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கிட்டு. மொதல்ல நடந்தத எழுதிக்கங்க.

எனக்கு ஒரே மக. மோகனப்பிரியா. எம்.காம். முடிச்சிருக்கா. இருபத்தஞ்சு வயசு. வத்தலக்குண்டுல இருந்து சம்பந்தம் வந்துச்சு, மாப்பிள்ளை கரண்ட் ஆபீஸ்ல வேலை. நல்ல பையன், அதுல குத்தம் சொல்லமாட்டேன். பூ வெச்சுட்டுப் போயிட்டாங்க. ஆவணியில முகூர்த்தம். மண்டபம் பேசியாச்சு, பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. இதெல்லாம் வரிசையா எழுதுங்க, அப்பத்தான் படிக்கிறவங்களுக்கு வயிறு எரியும்.

மோகனாவுக்கு வலது கையில, இந்தா, தோளுக்குக் கீழ இந்த எடத்துல, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கொழுப்புக் கட்டி. வலி கிடையாது, ஒண்ணு கிடையாது. நாலு வருசமா அது பாட்டுக்குக் கெடந்துச்சு. பூ வெக்க வந்தன்னிக்குச் சம்பந்தியம்மா கண்ணுல பட்டுருச்சு. திலகவதின்னு பேரு. "முகூர்த்த ரவிக்கைக்குக் கீழ தெரியுமேண்ணே, போட்டோவுல விழுமே, எடுத்துட்டா என்ன?"ன்னுச்சு. சரிங்க, எடுத்துரலாம்னேன். "நானும் கூட வர்றேன், எங்க வீட்டுக்கு வர்ற பிள்ளையில்ல, எங்களுக்கும் அக்கறை இருக்கும்ல"ன்னுச்சு. அக்கறையாம் அக்கறை! வேற ஏதாவது குறை இருக்கான்னு நோட்டம் பாக்க வந்துச்சு. எனக்குத் தெரியாதாக்கும். பத்து கூடைப் பூவுல எந்தக் கூடையில அடியில வாடல் கெடக்குன்னு பாத்த உடனே சொல்றவன் நான்.

என் வீட்டுக்காரிய நான் கூட்டிட்டுப் போகல. அவளுக்கு மனசுல ஒண்ணும் நிக்காது. அழுது கொட்டிருவா. நானும் மோகனாவும் சம்பந்தியம்மாவும் மூணு பேருதான் போனோம்.

இப்ப எழுதுங்க. அந்த டாக்டர் எடுத்த எடுப்புலயே கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க. கேள்வின்னா கேள்வி, ரேசன் கார்டு குடுக்குறவங்ககூட அம்புட்டுக் கேக்கமாட்டாங்க. வலிப்பு வருமா, நெஞ்சு படபடக்குமா, இப்ப என்ன மாத்திரை சாப்புடுறீங்க. எடை என்னன்னு கேட்டாங்க. அம்பத்திரெண்டுன்னு நான் சொன்னேன், ஜாதகக் குறிப்புல அப்படித்தான் எழுதியிருந்தோம். உடனே மிசின்ல ஏறுங்கன்னுட்டாங்க. ஏறினா அறுபத்தொண்ணு காட்டுது. சம்பந்தியம்மா எட்டிப் பாக்குது. எதுக்கும்மா இதெல்லாம், கட்டிய எடுக்கத்தான வந்தோம்னு கேட்டேன். "மரத்துப் போற ஊசி எவ்வளவு போடலாம்னு எடைய வெச்சுத்தாங்க கணக்குப் பண்ணணும், கூடிப் போனா ஆபத்து"ன்னாங்க. அதோட விட்டாங்களா? கடைசியா எப்பம்மா தீட்டுன்னு கேட்டாங்க. கல்யாணம் ஆகாத பிள்ளைகிட்ட, மாமியாகாரி பக்கத்துல உக்காந்திருக்கும்போது! எனக்கு எங்க மூஞ்சிய வெச்சுக்கறதுன்னு தெரியல. இதக் கண்டிப்பா எழுதுங்கம்மா. அவமானப்படுத்தினாங்கன்னு எழுதுங்க.

அப்புறம்தான் அந்தக் கேள்விய கேட்டாங்க. "இதுக்கு முன்னாடி பல்லு புடுங்கவோ தையல் போடவோ மரத்துப் போற ஊசி போட்டிருக்கா? போட்டு ஏதாவது ஒத்துக்காமப் போச்சா?"

நான் சொன்னேன், "ஒண்ணுமே கிடையாதுங்க. எம்பிள்ளைக்குத் தலைவலி மாத்திரைகூட வாங்கினது இல்ல."

என்னம்மா பாக்குறீங்க? சரி, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு. சொல்றேன். ஆனா இத எழுதாதீங்க. பேனாவக் கீழ வைங்க.

பத்தாவது படிக்கும்போது ஒருக்கா கடவாப் பல்லு புடுங்கக் கூட்டிட்டுப் போனேன். இதே ஊசிதான் போட்டாங்க. ரெண்டு நிமிசம்கூட இருக்காது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா எந்திரிச்சுருச்சு. உதடு வீங்கிப் போச்சு. மூச்சுக்கு இழுக்க ஆரம்பிச்சுட்டா. தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டக் குறுக்க ஓடினேன், எதுத்தாப்புல பெரியாஸ்பத்திரி. "அப்பா மூச்சு வரலப்பா"ன்னு என் காதுகிட்டச் சொன்னா பாருங்க, அதுக்கப்புறம் அவ பேசல. பொழைக்க வெச்சுட்டாங்க. அங்க இருந்த டாக்டர் ஒரு சீட்டுல மருந்துப் பேரெல்லாம் எழுதி, இந்த ஊசி இந்தப் பிள்ளைக்குப் போடவே கூடாது, எந்த டாக்டர்கிட்டப் போனாலும் மொதல்ல இதக் காட்டுங்கன்னு குடுத்தாரு. நான் என்ன லேசுப்பட்ட அப்பனா? அத லேமினேசன் பண்ணி அவ ஸ்கூல் பையிலயே வெச்சேன். காலேஜ் போனப்பவும் பையிலதான் இருந்துச்சு.

அப்புறம் பழனிப் பக்கம் இருந்து ஒரு வரன் வந்துச்சு. நான் யோக்கியன்மா, ஒளிவு மறைவு இல்லாம எல்லாத்தையும் சொன்னேன். சீட்டக் காட்டினேன். காப்பிய குடிச்சாங்க, போனாங்க. ரெண்டு நாள் கழிச்சு தரகர் வந்து சொல்றாரு, "நாளைக்குப் பிரசவம் அது இதுன்னு வந்தா யாருங்க அலையிறது, நோய்க்காரப் பிள்ளை வேணாம்னுட்டாங்க." நோய்க்காரப் பிள்ளையாம்! ஒரு ஊசி ஒத்துக்கலன்னா நோயாம்மா? எனக்குக் கத்திரிக்காய் சாப்புட்டா அரிக்கும், நான் என்ன நோயாளியா? அன்னிக்கு முடிவு பண்ணேன். சீட்ட எடுத்து பீரோவுல சேலைக்கு அடியில வெச்சுப் பூட்டினேன். யாரு கேட்டாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லணும், புரியுதான்னு மோகனாகிட்டச் சொன்னேன். சரிப்பான்னா. எம்பொண்ணு என் பேச்ச மீறமாட்டா.

அப்படியிருந்தும் இவள ஆஸ்பத்திரிக்கு எப்படிய்யா கூட்டிட்டுப் போனேன்னு கேக்குறீங்க. கேளுங்க. எல்லாரும்தான் கேக்குறாங்க. பத்து வருசம் ஆச்சுல்லம்மா, ஒடம்புல இருந்து போயிருக்கும்னு நெனச்சேன். அப்புறம், கையில லேசா டெஸ்ட் ஊசி போட்டு, பேனாவால வட்டம் போட்டு அரைமணி நேரம் பாப்பாங்கள்ல, ஒத்துக்கலன்னா அதுலயே தெரிஞ்சுரும்னு நெனச்சேன். டாக்டர் படிச்சவங்க, அவங்க பாத்துக்கமாட்டாங்களா? நான் பூ விக்கிறவன், எனக்கு என்ன தெரியும்?

நான் டாக்டர்கிட்டத் தனியாச் சொல்லிரணும்னு எந்திரிக்கவும் செஞ்சேன்மா. சத்தியமா. சாமி மேல ஆணையா எந்திரிச்சேன். ரெண்டு எட்டு வெக்கல, "எங்கண்ணே போறீங்க?"ன்னுச்சு சம்பந்தியம்மா. தண்ணி குடிக்கன்னேன். போனேன், தண்ணி குடிச்சேன், வந்து உக்காந்துட்டேன்.

இத எழுதாதீங்க.

அந்த டாக்டர் விட்டாங்களா? நான்தான் சொல்லிட்டேன்ல, அதோட போக வேண்டியதுதான? "நீங்க இருங்க, நான் அவங்கள கேக்குறேன்"னு மோகனா பக்கம் திரும்பிட்டாங்க. பெத்த அப்பன் சொன்னத நம்பாத டாக்டர் என்ன டாக்டர்? மோகனா என்னப் பாத்தா. நான் அவளப் பாத்தேன். "இல்ல டாக்டர்"னு சொன்னா. போதுமா! உள்ள கூட்டிட்டுப் போனாங்க. கதவச் சாத்தினாங்க.

நான் பல்லக் கடிச்சுக்கிட்டு வெளிய உக்காந்திருந்தேன். சம்பந்தியம்மா பட்டு எடுக்கறதப் பத்திப் பேசுது. அரக்குல எடுக்கலாமா, மாம்பழ மஞ்சள்ல எடுக்கலாமாங்குது. எனக்கு ஒண்ணும் காதுல விழல. கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன். உள்ள யாரும் ஓடுற சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். இதெல்லாம் யாருக்குத் தெரியும்? பிள்ளை மேல பாசமில்லாதவன்னு இன்னிக்கு என் பொண்டாட்டியே சொல்றா.

பத்து நிமிசம் இருக்கும். நர்சம்மா வந்து "மோகனப்பிரியா அப்பா, நீங்க மட்டும் வாங்க"ன்னுச்சு.  உள்ள போறேன், எம்பிள்ளை கட்டில்ல உக்காந்திருக்கா, முழுசா. ஒண்ணும் ஆகல. அப்படியே ஒரு மூச்சு விட்டேன். அடுத்த மூச்சுல எனக்குக் கோவம் வந்துருச்சு.

டாக்டர் கதவச் சாத்தினாங்க. மெதுவாத்தான் பேசினாங்க, அது வாஸ்தவம். மூடி போட்ட ஊசி தட்டுல கெடந்துச்சு. "உங்க பொண்ணுக்கு இதே மருந்து போட்டு மூச்சு நின்னுருக்கு. நீங்க இல்லன்னு சொல்லிட்டீங்க. இன்னிக்கு நான் போடப் போறதில்ல"ன்னாங்க. டெஸ்ட் ஊசி போட்டுப் பாருங்கம்மான்னேன். "ஒருதடவ இப்படி ஆனவங்களுக்கு அந்தச் சொட்டே ஆபத்துங்க. இங்க வெச்சு நான் பாக்கமாட்டேன். மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில எல்லா வசதியும் வெச்சுக்கிட்டு, எது ஒத்துக்கும்னு பாத்துச் சொல்லுவாங்க. வேற மருந்தும் இருக்கு. கடிதம் தர்றேன், போயிட்டு வாங்க. கட்டி எங்கயும் போயிராது"ன்னாங்க. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க. "வெளிய இருக்கறவங்ககிட்ட நான் எதையும் சொல்லப் போறதில்ல. இன்னிக்கு எடுக்க முடியலன்னு மட்டும் சொல்றேன்."

சொன்னாங்கதான். சொல்லலன்னு நான் எங்க சொன்னேன்?

ஆனா எனக்குத் தலைக்கு ஏறிருச்சு. "யாரு சொன்னா உங்களுக்கு? பத்து வருசத்துக்கு முன்னாடி பல்லு புடுங்கும்போது ஒருக்கா மூச்சடைச்சதுக்கு, காலம் பூரா எம்பிள்ளை கன்னியாவே கெடக்கணுமா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டேன்னா, என் குரல்லதான் கேட்டேன். எனக்கு வேற குரல் ஏது? கதவத் தொறக்குறேன், சம்பந்தியம்மா எந்திரிச்சு நிக்குது. கைப்பைய தோள்ல மாட்டியாச்சு. "மூச்சடைச்சுச்சா? எங்ககிட்ட ஏண்ணே சொல்லல?"ன்னுச்சு. அம்புட்டுத்தான். விடுவிடுன்னு போயிருச்சு. அன்னிக்குச் சாயங்காலமே போன் வந்துருச்சு. ஊசி ஒத்துக்காததுகூடப் பரவாயில்லையாம், மறைச்சதுதான் மனசுக்குச் சங்கடமா இருக்காம். எல்லாம் சாக்குமா!

இப்பச் சொல்லுங்க, இது யாரால வந்துச்சு? அந்த டாக்டர் பேசாம இருந்திருந்தா நான் எதுக்குக் கத்தப் போறேன்? அத எழுதுங்க. நோயாளி ரகசியத்த வெளியவிட்டாங்கன்னு எழுதுங்க. நான்தான கத்தினேன்னா கேக்குறீங்க? கத்த வெச்சது யாரு?

எம்பொண்ணு மேலயும் எனக்குக் கோவம்தான். எதுக்குடி சொன்னன்னு அங்கயே கேட்டேன்.  நர்சம்மாதான் என் கையில ஒரு பொட்டலத்தக் குடுத்துச்சு. பாத்தா மோகனா போட்டிருந்த செயின். இதையும் கழட்ட வெச்சீங்களான்னு அதுகிட்டச் சண்டைக்குப் போனேன். நர்சம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? "நாங்க கழட்டச் சொல்லலங்க. கையில கட்டிக்குக் கழுத்துச் செயின் எதுக்குங்க கழட்டணும்? அவங்களாத்தான் கழட்டினாங்க. எங்கம்மாகிட்டக் குடுத்துருங்கக்கா, வெளிய இருக்கறது எங்கம்மா இல்ல, அம்மா வீட்டுல இருக்காங்கன்னு சொன்னாங்க."

உள்ள நடந்ததையும் நர்சம்மாவே சொல்லுச்சு. டாக்டர் ஊசிய கையில எடுத்துட்டாங்களாம். எடுத்துட்டு மறுபடியும் அதே கேள்வி. இதுக்கு முன்னாடி போட்டிருக்கா, ஏதாவது ஆச்சான்னு. எல்லாருக்கும் அப்படி ரெண்டாந்தடவ கேக்குறது அவங்க வழக்கமாம். மோகனா அப்பவும் இல்லன்னுதான் சொல்லியிருக்கா. சொல்லிட்டு, "போட்டா எவ்வளவு நேரத்துல டாக்டர் தெரியும்?"னு கேட்டிருக்கா. டாக்டர் எதும்மா தெரியும்னு கேட்டிருக்காங்க. இவ கண்ண இறுக்க மூடிக்கிட்டுக் கைய நீட்டிட்டாளாம். அப்பத்தான் அந்தம்மா ஊசிய தட்டுல வெச்சுட்டு, ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துருச்சாம். அரைமணி ஆனாலும் பரவாயில்ல, சொல்லும்மான்னு.

இத எழுதாதீங்கம்மா. இத மட்டும் எழுதவே எழுதாதீங்க.

என் பேச்ச மீறமாட்டான்னு சொன்னேன்ல. மீறல பாத்தீங்களா. கழுத்துல கெடந்தத கழட்டிக் குடுத்துட்டுப் படுத்திருக்கா, மீறல. சிறுக்கி, ஒரு வார்த்த என்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன அடிச்சா போட்டிருப்பேன்? அப்பா வேணாம்ப்பா, பயமா இருக்குன்னு ஒரு வார்த்த. அத அந்த டாக்டர்கிட்டச் சொல்லத் தெரியுது, என்கிட்டச் சொல்லத் தெரியலையே!

பதினேழு நாளாச்சு. என்கூடப் பேசல. சோறு வெக்கிறா, தண்ணி வெக்கிறா, பேச்சு மட்டும் இல்ல. மதுரைக்குக் கடிதம் குடுத்தாங்கள்ல, அதுக்கும் அவ அம்மாவோடயே போயிட்டு வந்துட்டா. என்னக் கூப்புடல. வேற ஒரு மருந்து ஒத்துக்குதாம், வந்து அம்மாவும் பிள்ளையும் அடுப்படியில பேசிக்கிறாங்க, நான் நடுவீட்டுல உக்காந்து ஒட்டுக் கேக்குறேன். என் வீட்டுல நான் ஒட்டுக் கேக்குறேம்மா.

என்ன சொல்றீங்க? மனுவுல பாதிக்கப்பட்டவங்க கையெழுத்து வேணுமா? தெரியும், பக்கத்துக் கடைக்காரரு சொன்னாரு. பொண்ணு மேஜரு, அவ கையெழுத்து இல்லாம செல்லாதுன்னு. அதுக்காகத்தான் காலையில கெளம்பும்போது அவகிட்டப் போயி நின்னேன். டாக்டர் மேல மனு குடுக்கப் போறேன், உன் கையெழுத்து வேணும்னு சொன்னேன்.

பதினேழு நாள் கழிச்சு இன்னிக்குத்தான் பேசினா. "அப்பா, அன்னிக்கு அந்த டாக்டர் ஊசிய போட்டிருந்தா இன்னிக்கு யாரு மேல மனு குடுத்திருப்பீங்க?"ன்னு கேட்டா.

"அதே டாக்டர் மேலதான்"னு சொல்லிட்டேன். பட்டுனு வாயில வந்துருச்சும்மா. யோசிக்கல. யோசிச்சிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்னு தெரியல.

அவ அழுவான்னு பாத்தேன். அழல. உள்ள போயி ஒரு வெள்ளைத் தாள் எடுத்துட்டு வந்தா. அடியில கையெழுத்துப் போட்டா. மேல ஒண்ணும் எழுதல. "நீங்களே எழுதிக்கங்கப்பா. என்கிட்டக் கேட்டதுக்கெல்லாம் நீங்கதான பதில் சொல்லுவீங்க"ன்னு என் கையில குடுத்துட்டு, டிபன் பாத்திரத்தக் கழுவப் போயிட்டா.

இந்தாங்க, இதுதான். மடங்கியிருக்கு, நீவிக்கங்க. ச. மோகனப்பிரியான்னு போட்டிருக்கா பாருங்க. நல்ல எழுத்து அவளுக்கு.

வாங்கிக்கங்கம்மா. ஏன் கைய இழுக்குறீங்க? கையெழுத்துத்தான் இருக்கே. எழுதுங்க. நீங்க எத்தன பேருக்கு எழுதியிருக்கீங்க, உங்களுக்கு வரும். எனக்குத்தான் மேல என்ன எழுதச் சொல்றதுன்னு தெரியல.